ஊறவைத்து வடிக்கும் டிரிப்பர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரிப்பர் என்பது கோப்பையின் மேல் வைத்து, பேப்பர் வழியாகக் காபி வடிக்கிற சாதனம். கிளெவர், ஹாரியோ ஸ்விட்ச் மாதிரி அடியில் வால்வு வைத்த டிரிப்பர் வாங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். கீழே போகப் போகச் சிக்கல் கூடும். புதிதாக வாங்கியவர்கள் முதலிலிருந்து படியுங்கள். காபி வடியாமல் நின்றுவிட்டது என்று பதற்றத்தில் வந்தவர்கள் நேராக அந்தக் கேள்விக்கே போய்விடலாம்.

பார்க்க சாதாரண டிரிப்பர் மாதிரிதானே இருக்கு, அடியில ஒரு வால்வு தவிர வேற என்ன வித்தியாசம்?

அந்த வால்வுதான் வித்தியாசமே. சாதாரண டிரிப்பரில் தண்ணீர் ஊற்றிய நொடியிலிருந்தே கீழே இறங்க ஆரம்பித்துவிடும். தூளும் தண்ணீரும் எவ்வளவு நேரம் சேர்ந்திருக்கும் என்பதை அரவை, ஊற்றுகிற வேகம், பேப்பர் எல்லாம் சேர்ந்து முடிவு செய்யும். இதில் வால்வு மூடியிருக்கும்வரை ஒரு சொட்டும் இறங்காது. எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பது உங்கள் கையில். நேரம் வந்ததும் திறந்துவிட்டால் பேப்பர் வழியாக வடிந்து தெளிவான காபி கிடைக்கும்.

இதில் பெரிய லாபம், கைப்பழக்கம் தேவையில்லை என்பது. ஒல்லி மூக்குக் கெட்டில் வேண்டாம், வட்டம் வட்டமாக ஊற்றுகிற வித்தையும் வேண்டாம். சாதாரண கெட்டிலிலிருந்து மளமளவென்று ஊற்றினாலும் நேற்று வந்த ருசி இன்றைக்கும் வரும்.

பிரெஞ்ச் பிரஸ்ஸும் ஊறவைக்கிறதுதானே, அது ஏற்கெனவே இருக்கு, அப்புறம் இது எதுக்கு?

ஊறவைப்பது இரண்டிலும் ஒன்றுதான், வடிகட்டுவது வேறு. பிரெஞ்ச் பிரஸ்ஸில் உலோக வலை. மாவு போன்ற தூளும் எண்ணெயும் கோப்பைக்கு வந்துவிடும், கடைசி வாயில் மண்டி தட்டும். அந்தக் கனமான காபிதான் பிடிக்கும் என்றால் இதை வாங்கவே வேண்டாம், உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள்.

பேப்பர் அந்த மண்டியையும் எண்ணெயில் பெரும்பகுதியையும் நிறுத்திவிடுகிறது. காபி எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால், கஹ்வியால் என்ற இரண்டு பொருள்கள் ரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டக்கூடியவை. பேப்பரில் வடித்த காபியில் இவை மிகக் குறைவு. தினமும் நாலைந்து கப் குடிப்பவர்களுக்கு இது ஒரு விஷயம்தான். கழுவுகிற வேலையும் குறைவு: பேப்பரோடு சக்கையைத் தூக்கிப் போட்டால் ஆயிற்று.

கிளெவர் நல்லதா, ஸ்விட்ச் நல்லதா? ஒண்ணு சொல்லுங்க போதும்

ஒன்றுதான் சொல்ல வேண்டுமென்றால், முதல் முறை வாங்குபவர்களுக்கு கிளெவர். தைவானிலிருந்து வருவது, டிரைட்டன் என்ற பிளாஸ்டிக்கில் செய்தது, கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தப்பிவிடும். பெரிய அளவில் ஏறத்தாழ அரை லிட்டர் பிடிக்கும். கோப்பையின் மேல் வைத்தால் விளிம்பு அடி வளையத்தை மேலே தள்ளும், வால்வு திறக்கும். தூக்கினால் மூடிக்கொள்ளும். ஆனால் வாய் மிக அகலமான அல்லது மிகக் குறுகிய கோப்பையில் அந்த வளையம் சரியாக உட்காராது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்விட்ச் என்பது ஹாரியோ நிறுவனத்தின் வி60 என்ற சாதாரண டிரிப்பரின் கண்ணாடிக் கூம்பை ஒரு சிலிக்கோன் அடிப்பாகத்தில் உட்கார வைத்தது. உள்ளே ஓர் எஃகு உருண்டை ஓட்டையை அடைத்திருக்கும், நெம்புகோலைத் தட்டினால் உருண்டை எழும்பி வழிவிடும். திறந்தே வைத்து ஊற்றலாம், மூடி ஊறவைக்கலாம், பாதி அப்படி பாதி இப்படியும் செய்யலாம். சோதனை செய்து பார்க்கிற ஆசை இருப்பவர்களுக்கு இதுதான் சரி. ஒரே குறை கொள்ளளவு: 02 அளவில் 200 மி.லி. என்றும் 03-ல் 360 மி.லி. என்றும் நிறுவனம் சொல்கிறது. ஒரு பெரிய மக் குடிப்பவர் 02 வாங்கினால் தினமும் எரிச்சல்தான்.

இதுக்கு என்ன பேப்பர் வாங்கணும்? ஒரே குழப்பமா இருக்கு

கிளெவருக்கு அடி தட்டையாக, ஆப்பு வடிவத்தில் இருக்கும் பேப்பர். பெரியதற்கு 4-ஆம் எண், சின்னதற்கு 2-ஆம் எண். ஜெர்மனியில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற பெண்மணி 1908-ல் பேப்பர் வடிகட்டிக்கு உரிமை பதிந்தார். இந்த ஆப்பு வடிவம் பிறகு அவருடைய நிறுவனத்திலிருந்து வந்தது. ஸ்விட்சுக்குக் கூம்பு வடிவ வி60 பேப்பர், அதன் அளவு எண்ணுக்கு ஏற்றபடி.

மடிக்காமல் போடாதீர்கள். ஆப்பு பேப்பரில் இரண்டு தையல் ஓரம் இருக்கும், அடியில் ஒன்று, பக்கத்தில் ஒன்று. அடி ஓரத்தை ஒரு பக்கமும் பக்க ஓரத்தை எதிர்ப்பக்கமும் மடித்தால் சுவரோடு ஒட்டி நிற்கும். கூம்பு பேப்பரில் ஒரே ஓரம்தான்.

பேப்பரை வெந்நீர்ல நனைக்கணும்ங்கறாங்க, நிஜமாவே தேவையா?

பேப்பர் வாடை போவதற்கென்றால் வெள்ளைப் பேப்பருக்குப் பெரிதாகத் தேவையில்லை, பழுப்புப் பேப்பருக்குத் தேவை. சந்தேகம் இருந்தால் பேப்பரை வெறும் வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும்.

நான் நனைக்கிறேன், ஆனால் காரணம் வேறு. டிரிப்பர் சூடாகும். கண்ணாடி ஸ்விட்ச் குளிர்ந்திருந்தால் தண்ணீரின் சூட்டை நிறையவே இழுத்துக்கொள்ளும், பிளாஸ்டிக் அவ்வளவு இழுக்காது. வால்வை மூடி வெந்நீர் நிரப்பி அரை நிமிடம் விட்டுத் திறந்தால், வால்வு ஒழுகுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். கீழே இறங்கிய தண்ணீரைக் கோப்பையிலிருந்து கொட்ட மறந்துவிடாதீர்கள்.

சரி, அளவு சொல்லுங்க. முதல் கப் எப்படிப் போடறது?

15 கிராம் தூள், 240 மி.லி. தண்ணீர். அதாவது ஒரு பங்கு தூளுக்கு 16 பங்கு தண்ணீர். அரவை நடுத்தரம், பொடி உப்புக்கும் கல் உப்புக்கும் நடுவில். தண்ணீர் கொதித்து, கொதி அடங்கியதும் ஊற்றுகிற சூடு. வால்வை மூடி, தண்ணீர் ஊற்றி, தூளைப் போட்டு, எல்லாம் நனையும்படி மெதுவாகக் கலக்கி, மூடி போட்டு 3 நிமிடம் விடுங்கள். இன்னொரு முறை லேசாகக் கலக்கி 20, 30 விநாடி கழித்துத் திறங்கள். ஒன்றிலிருந்து ஒன்றரை நிமிடத்தில் வடிந்து முடிந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

02 ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் 12 கிராம், 190 மி.லி. என்று ஆரம்பியுங்கள், தளும்பாது.

தராசு இல்லை. ஸ்பூன்ல போட்டா ஆகாதா?

ஆகும், ஆனால் அடுத்த நாள் அதே காபி வராது. டார்க் ரோஸ்ட், அதாவது கறுக்க வறுத்த கொட்டை உப்பி, எடை குறைந்து இருக்கும். லேசாக வறுத்த லைட் ரோஸ்ட் கெட்டியாக, கனமாக இருக்கும். அதே ஸ்பூன், அதே குவியல், எடை மட்டும் வேறு. அரவை மாறினாலும் இதே கதைதான். இந்தச் சாதனத்தில் கெட்டிலுக்குச் செலவழிக்க வேண்டாம் என்று மேலே சொன்னேன் இல்லையா, மிச்சமான காசில் ஒரு சமையலறைத் தராசு வாங்கிவிடுங்கள்.

ஒருத்தர் தண்ணீரை முதல்ல ஊத்தச் சொல்றார், இன்னொருத்தர் தூளை முதல்ல போடச் சொல்றார், எது சரி?

இரண்டிலும் நல்ல காபி வரும். ஆனால் தண்ணீரை முதலில் ஊற்றினால் வடிவது தெளிவாகவே வேகமாக இருக்கும். தூளை முதலில் போட்டு மேலிருந்து தண்ணீரைக் கொட்டும்போது, மாவுத் தூள் அந்த வேகத்தில் பேப்பரோடு அப்பிக்கொண்டு துளைகளை அடைக்கும். தண்ணீர் முதலில் இருந்தால் தூள் மேலே மிதக்கும், பேப்பரின் அடிப்பகுதி சுத்தமாகவே இருக்கும்.

இந்த முறையில் ஒரு சிரமம், மிதக்கிற தூளில் உலர்ந்த கட்டிகள் ஒளிந்திருக்கும். ஸ்பூனின் பின்பக்கத்தால் அமுக்கி நனைத்துவிட்டுத்தான் டைமரைத் தட்ட வேண்டும்.

புதுக் கொட்டைன்னா முதல்ல கொஞ்சம் தண்ணி ஊத்திப் பொங்க விடணும்பாங்களே, அது இதுல வேண்டாமா?

பொங்குவது வறுக்கும்போது கொட்டைக்குள் சிக்கிய கரியமில வாயு. சாதாரண டிரிப்பரில் அதை முதலில் வெளியேற்றாவிட்டால் தண்ணீர் தூளுக்குள் நுழையாமல் ஓரமாக ஓடிவிடும், அதனால் அங்கே அந்தப் படி அவசியம். இங்கே தண்ணீர் ஓடிப்போக வழியே இல்லை, மூன்று நிமிடம் உள்ளேதான் இருக்கப்போகிறது, வாயு தானாக வெளியேறும். வேண்டாம், நேரம் மிச்சம். வறுத்து ஓரிரு நாள்தான் ஆன கொட்டை என்றால் மட்டும் நுரை விளிம்புவரை ஏறும், அதற்கு இடம் விட்டு ஊற்றுங்கள்.

ஊறட்டும்னு வெச்சுட்டு போன்ல பேசிட்டிருந்தேன், பத்து நிமிஷம் ஆயிடுச்சு. கொட்டிடவா?

கொட்டாதீர்கள், குடித்துப் பாருங்கள். கொஞ்சம் ஆறியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம் தெரியும். பலருக்கு நம்பிக்கை வராத விஷயம் இது. தூளில் கரையக்கூடியவற்றில் பெரும்பகுதி முதல் ஓரிரு நிமிடத்திலேயே தண்ணீருக்கு வந்துவிடுகிறது. தண்ணீரில் காபி ஏற ஏற, மேலும் இழுக்கிற சக்தி அதற்குக் குறைகிறது. கூடவே சூடும் இறங்குகிறது. அதனால் மூன்றுக்கும் நாலுக்கும், ஏன் ஐந்துக்கும்கூட வித்தியாசம் சின்னதுதான். சாதாரண டிரிப்பரில் ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர் தூளை அலசிக்கொண்டே போகும், அங்கே இந்தச் சலுகை கிடையாது.

ருசி சரியில்லை என்றதும் நிறையப் பேர் முதலில் நேரத்தைத்தான் திருகுகிறார்கள், மூணே கால், மூணரை என்று. இதில் நேரம் மந்தமான திருகாணி. அரவையை மாற்றிப் பாருங்கள்.

கசப்பா இருந்தா என்ன பண்றது, புளிப்பா இருந்தா என்ன பண்றது?

புளிப்பாக, நீர்த்து, சப்பென்று இருந்தால் காபி போதிய அளவு இறங்கவில்லை: அரவையைக் கொஞ்சம் நைஸாக்குங்கள், தண்ணீரின் சூட்டைக் கூட்டுங்கள். கசந்து, நாக்கை வறட்டுகிற மாதிரித் துவர்த்தால் அதிகமாக இறங்கிவிட்டது: அரவையைக் கொரகொரப்பாக்குங்கள். கொட்டையில் கரையக்கூடியதே எடையில் 30 சதவீதம்போலத்தான். தூளின் மொத்த எடையில் 18 முதல் 22 சதவீதம்வரை எடுத்தால் ருசி சமமாக இருக்கும் என்பது நெடுநாளாகத் தொழிலில் இருக்கிற கணக்கு.

ரொம்பத் திடம், ரொம்ப லேசு என்பது வேறு புகார், இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதற்குத் தூளின் எடையை மாற்றினால் போதும், அரவையைத் தொட வேண்டாம். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

எனக்குப் புளிப்பும் இருக்கு, கசப்பும் இருக்கு, ரெண்டும் ஒரே கப்புல! இதுக்கு என்ன சொல்றீங்க?

கிரைண்டரைச் சந்தேகப்படுங்கள். பிளேடு சுழன்று வெட்டுகிற மிக்ஸி மாதிரியான இயந்திரம் ஒரே நேரத்தில் மாவையும் கட்டியையும் தரும். மாவு கசக்கும், கட்டி புளிக்கும். அரைத்த தூளைக் கொஞ்சம் வெள்ளைத் தாளில் தட்டிப் பரப்பிப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். பல் வைத்துக் கடித்து அரைக்கிற பர் கிரைண்டர், கையால் சுற்றுவதாக இருந்தாலும், இதைத் தீர்க்கும்.

அதுவரை சமாளிக்க: மெல்லிய சல்லடையில் மாவைச் சலித்து எடுத்துவிட்டு, மிச்சத்தை நாலு நிமிடம் ஊறவிடுங்கள். பர் கிரைண்டர்தான் என்றால், தூளில் உலர்ந்த கட்டி நின்றுவிட்டதா என்று பாருங்கள்.

நாலஞ்சு நிமிஷமாகியும் சொட்டிக்கிட்டே இருக்கு, சில நாள் அப்படியே நின்னுடுது. ஏன்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெரும்பாலும் காரணம், பேப்பர் துளைகளில் மாவுத் தூள் அடைத்தது. அரவை அளவுக்கு மீறி நைஸாக இருக்கலாம். அதிகமாகக் கலக்கியிருக்கலாம், திறப்பதற்கு முன் ஒரு மென்மையான சுற்றுப் போதும், மோர் கடைவது போல் கடையக் கூடாது. கலக்கிய கையோடு திறந்திருக்கலாம். 20 விநாடி விட்டால் கனமான தூள் அடியில் படியும், அதுவே ஒரு வடிகட்டியாக நிற்கும். இதெல்லாம் சரி என்றால், தண்ணீரை முதலில் ஊற்றுகிற முறைக்கு மாறுங்கள். சில கொட்டைகள் அரைக்கும்போதே அதிகம் மாவாகும், அவற்றுக்கு எப்போதுமே ஓர் அளவு கொரகொரப்பாக வையுங்கள்.

அடுத்தது இயந்திரக் கோளாறு. கிளெவர் கோப்பையில் சாய்வாக உட்கார்ந்திருந்தால் வால்வு பாதிதான் திறக்கும், கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். பேப்பர் தண்ணீரின் கனத்தில் ஓட்டையின் மேல் உட்கார்ந்து அடைப்பதும் உண்டு, விளிம்பைப் பிடித்து மெல்லத் தூக்கினால் சரசரவென்று இறங்கும். கிழித்துவிடாதீர்கள்.

நேரமாகிறதே என்று கடைசிச் சொட்டுவரை காத்திருக்கவும் வேண்டாம். கோப்பையில் போதிய அளவு வந்துவிட்டால் தூக்கிவிடுங்கள்.

240 ஊத்தினேன், 210தான் வந்துச்சு. மீதி எங்க போச்சு?

சக்கைக்குள். ஒரு கிராம் தூள் ஏறத்தாழ இரண்டு கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், 15 கிராமுக்கு 30. அந்த 30-ம் கோப்பையில் உள்ள அதே திடம் உள்ள காபிதான், சக்கையோடு போய்விடுகிறது. சாதாரண டிரிப்பரில் சக்கையில் கடைசியாக நிற்பது நீர்த்த தண்ணீர். இதனால்தான் அங்கே 17 பங்கு தண்ணீர் ஊற்றுகிறவர்கள்கூட இங்கே 15, 16 என்று கொஞ்சம் குறைத்துக்கொள்கிறார்கள்.

தண்ணீர் எவ்வளவு சூடா இருக்கணும்? தெர்மாமீட்டர் வாங்கணுமா?

வேண்டாம். லைட் ரோஸ்ட்டுக்குக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள். டிரிப்பர், தூள், காற்று எல்லாம் சேர்ந்து சில டிகிரியை உடனே குறைத்துவிடும், கருகிவிடும் என்று பயப்பட ஒன்றுமில்லை. நடுத்தர வறுவலுக்கு 92 முதல் 96 டிகிரி, அதாவது கெட்டிலை நிறுத்தி அரை நிமிடம் கழித்து. டார்க் ரோஸ்ட்டில் எல்லாமே சுலபமாகக் கரையும், அதனால் 85 முதல் 90 டிகிரி போதும், கசப்பு குறையும். உயரமான இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும், அங்கே கொதி அடங்கக் காத்திருக்கவே வேண்டாம்.

எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் செய்றேன், ஆனா காபி மொட்டையா இருக்கு. கொட்டை நல்ல கொட்டைதான்

தண்ணீரைப் பாருங்கள். கோப்பையில் 98 சதவீதத்துக்கு மேல் அதுதான். ஆர்ஓ இயந்திரத்தில் உப்பெல்லாம் உருவிய தண்ணீரில் காபி வெறிச்சென்று இருக்கும். கால்சியம், மெக்னீசியம் கொஞ்சமாவது இருந்தால்தான் ருசி துலங்கும். நேர்மாறாக, பைகார்பனேட் அதிகமுள்ள கடினத் தண்ணீர் காபியின் அமிலத்தைச் சமன்செய்து மழுக்கிவிடும். பழம் மாதிரி மணக்க வேண்டிய கொட்டை அட்டை மாதிரி இருக்கும். வேறொரு தண்ணீரில் ஒரு கப் போட்டுப் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள், அதைவிட நல்ல சோதனை இல்லை.

பால் ஊத்திக் குடிக்கற அளவுக்குத் திடமா வருமா?

16 பங்கு கணக்கில் போட்டால் பாலில் காணாமல் போய்விடும். 20 கிராமுக்கு 200 மி.லி. என்று 10 பங்குக்கு இறக்குங்கள், டார்க் ரோஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள், நாலைந்து நிமிடம் ஊறட்டும். பாலைச் சூடாக்கி, காபியில் பாதிக்கு மேல் போகாமல் ஊற்றினால் நன்றாக இருக்கும். எஸ்பிரசோ அளவுக்குத் திடம் வேண்டுமென்றால் இந்தச் சாதனத்தால் முடியாது, அங்கே அழுத்தம் வேலை செய்கிறது.

ஐஸ் காபிக்கு?

20 கிராம் தூள், 180 மி.லி. வெந்நீர், கீழே கோப்பையில் 120 கிராம் ஐஸ். அரவையை ஓர் அளவு நைஸாக்குங்கள், தண்ணீர் குறைவு என்பதால் இழுக்கிற சக்தியும் குறைவு. மூன்று நிமிடம் ஊறியதும் நேராக ஐஸ் மேல் திறந்துவிடலாம்.

வால்வு ஒழுகுது. புதுசு வாங்கணுமா?

முதலில் கழற்றிக் கழுவுங்கள். வால்வின் இருப்பிடத்தில் ஒரே ஒரு காபித் துகள் உட்கார்ந்தாலும் சொட்டும். கண்ணாடிக் கூம்பைச் சிலிக்கோனிலிருந்து எடுத்து, எஃகு உருண்டையை வழித்துக் கழுவினால் ஸ்விட்ச் பெரும்பாலும் சரியாகிவிடும். கடினத் தண்ணீர் ஊரென்றால் வெள்ளைப் படலம் கட்டியிருக்கும், சிட்ரிக் அமிலம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் கரையும். ரப்பர் விறைத்துப்போயிருந்தால்தான் உதிரிபாகம் தேட வேண்டும்.

ஒவ்வொரு முறையும் குடித்த உடனே வெந்நீர் விட்டு வால்வைத் திறந்து மூடி அலசுங்கள். சிலிக்கோனில் பழைய எண்ணெய் வாடை ஏறினால் புதுக் காபியிலும் சிக்கு வாடை வரும்.

ஸ்விட்ச்ல பாதி திறந்தும் பாதி மூடியும் போடறாங்களே, அதுல என்ன லாபம்?

முதல் பாதியைத் திறந்துவைத்து ஊற்றினால் புதுத் தண்ணீர் தூளை அலசி, மணமும் துலக்கமான புளிப்பும் உள்ள பகுதியை எடுத்துவரும். பிறகு மூடி மீதித் தண்ணீரை ஊறவிட்டால் கனமும் இனிப்பும் சேரும். 2016-ல் வேர்ல்ட் ப்ரூவர்ஸ் கப் என்ற காபிப் போட்டியில் வென்ற ஜப்பானியர் டெட்சு கசுயா இதில் ஒரு படி மேலே போய், ஊறவைக்கிற பகுதிக்குச் சூட்டையும் குறைக்கிறார், கடைசியில் கசப்பு இறங்காமல் இருக்க. கிளெவரிலும் கோப்பையின் மேல் வைத்தபடி ஊற்றிவிட்டுத் தூக்கி மூடலாம், ஆனால் சூடான டிரிப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு இதைச் செய்வது வம்பு.

இதை ஆரம்பித்தால் கைப்பழக்கம், ஊற்றுகிற வேகம் எல்லாம் திரும்ப வந்துவிடும். சாதாரண முறையில் நிலையான ருசி வந்த பிறகு முயலுங்கள். வால்வு எப்போதும் திறந்தே இருந்தால், வி60 ஒன்றே போதுமாக இருந்திருக்கும்.

அதே தூள்ல ரெண்டாவது தடவை தண்ணி ஊத்தி எடுக்கலாமா?

எடுக்கலாம், நிறம் வரும். ருசி வராது. நல்லது முதல் தடவையிலேயே இறங்கிவிட்டது, மிச்சம் துவர்ப்பும் கசப்பும்தான். இரண்டு பேருக்கு வேண்டுமென்றால் 15 கிராமுக்குப் பதில் 25 போட்டு 400 மி.லி. ஊற்றுங்கள், பெரிய கிளெவர் தாங்கும்.